பிறந்த தேதியைத் திருத்துவது எப்படி? கோயில் பதிவேடும் பழைய உயிலும்

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-இல் எழும்பிய தேவாலயத்துக்குள் வெண்பளிங்குச் சிற்பம் ஒன்று இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்க்க இளம் சரபோஜி வந்து நிற்கிறார். அந்த முதியவர் ஜெர்மானிய மிஷனரி கிறிஸ்டியன் ஃபிரடெரிக் சுவார்ட்ஸ். சிற்பத்தை வடித்தவர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன், வடிக்கச் சொன்னவர் சரபோஜி மன்னரே. சுவார்ட்ஸ் இறந்த நாளைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை: 1798 பிப்ரவரி 13. பிறந்த நாளைத் தேடினால்தான் சிக்கல் தொடங்குகிறது. 1726 அக்டோபர் 26 என்று சில நூல்கள் சொல்கின்றன, அக்டோபர் 8 என்று வேறு சில. ஆண்டிலும் மாதத்திலும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள், நாளில் மட்டும் பிரிகிறார்கள்.

பழைய ஜூலியன் நாட்காட்டிக்கும் புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கும் உள்ள வேறுபாடுதான் இதற்குக் காரணம் என்று தோன்றலாம். அந்த நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே இருந்தது 11 நாள். இங்கே இடைவெளி 18 நாள். போதாக்குறைக்கு, அவர் பிறந்த பிராண்டன்பர்க் பகுதியின் புராட்டஸ்டண்டுகள் 1700-லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். எனவே நாட்காட்டியின் மேல் பழிபோட வழியில்லை. யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் தவறாக எழுதியிருக்கிறார், அடுத்து வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். இந்த வழக்கைத் தீர்க்க எத்தனை வாழ்க்கை வரலாறுகளை அடுக்கினாலும் பயனில்லை. அவர் பிறந்த சோனன்பர்க் ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவுதான் பேச வேண்டும். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில், சுவோன்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது.

இது சுவார்ட்ஸுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் பிறந்த ஆண்டு சில நூல்களில் 1682, சிலவற்றில் 1683. கொள்ளிடக் கரையின் ஏலாக்குறிச்சியோடு பெயர் பிணைந்த வீரமாமுனிவர் 1742-இல் மணப்பாட்டில் இறந்தார் என்று பழைய வரலாறுகள் எழுதின. அவர் 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்தார் என்பதே இயேசு சபையின் ஆவணங்களைக் கொண்டு இன்று ஏற்கப்படும் தேதி. ஊரறிந்த பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், பாபநாசம் பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருந்த கொள்ளுத்தாத்தாவின் தேதி சரியாக வந்து சேர்ந்திருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது. அதே சமயம், அவருடைய தேதியையும் சரிசெய்ய முடியும். வேண்டியது பொறுமையும், ஆவணங்களை எந்த வரிசையில் நம்புவது என்ற தெளிவும்தான்.

வீட்டுக் காகிதம் என்ன சொல்கிறது?

தேடல் வீட்டில் தொடங்க வேண்டும். குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கம், ஜாதக ஓலை, கல்லறைக் கல், பள்ளிச் சான்றிதழ் என்று எது இருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இதை எழுதியவர் யார், பிறந்து எத்தனை காலம் கழித்து எழுதினார்?

இந்தக் கேள்வியில் முதலில் விழுவது பள்ளிச் சான்றிதழ். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொடுப்பது ஊரெங்கும் இருந்த வழக்கம். தாத்தா தலைமுறையில் ஒரே வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்களாக இருப்பதன் ரகசியம் இதுதான். பிராத் மல் சிங்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988-இல் சொன்னதும் இதையொட்டியே: பள்ளிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை யார் சொல்லி, எதன் அடிப்படையில் எழுதினார்கள் என்று தெரியாவிட்டால் அதற்குச் சான்று மதிப்பு மிகக் குறைவு.

ஜாதகக் குறிப்பு இதைவிட நம்பத்தக்கது. ஆனால் அதை ஆங்கிலத் தேதிக்கு மாற்றும்போது பிழை புகுந்துவிடும். கும்பகோணத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே. சாமிநாதையரை எடுத்துக்கொள்ளலாம். அவர் பிறந்தது ஆனந்த வருஷம் மாசி மாதம். ஆனந்த வருஷம் 1854 ஏப்ரலில் பிறந்து 1855 ஏப்ரலில் முடிந்தது. அவசரக்காரர் 1854 என்று எழுதிவிடுவார். மாசி வந்ததோ 1855 பிப்ரவரியில். சரியான தேதி 1855 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. மார்கழியின் பிற்பாதி, தை, மாசி, பங்குனி ஆகியவற்றில் பிறந்த எவருக்கும் ஓராண்டு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்வது நல்லது. குடும்ப வரலாறுகளில் காணும் ஓராண்டுப் பிழைகளைத் துருவினால் பல இந்த இடத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு பள்ளம் அறுபது ஆண்டுச் சுற்று. பிரபவ வருஷம் 1867-இலும் வந்தது, 1927-இலும் வந்தது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். வெறும் பெயரும் வருஷப் பெயரும் மட்டும் உள்ள ஓலை தாத்தாவுடையதா பேரனுடையதா என்று கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிடாமல் தீர்மானிக்கக் கூடாது.

கல்லறைக் கல்லில் வயது இருந்தால் அது நிரம்பிய வயதா, நடப்பு வயதா என்று பார்க்க வேண்டும். சுவார்ட்ஸ் இறக்கும்போது அவருக்கு நிரம்பியது 71. நடந்துகொண்டிருந்தது 72-ஆவது வயது. இரண்டும் உண்மைதான். ஆனால் 1798-இலிருந்து 72-ஐக் கழிப்பவருக்கு 1726 கிடைக்கும், 71-ஐக் கழிப்பவருக்கு 1727 கிடைக்கும். கல்லில் உள்ள வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் ஓராண்டு முன்பின் விட்டே வைக்க வேண்டும்.

எந்தக் கோயிலின் பதிவேடு?

காவிரி டெல்டாவில் இந்தக் கேள்விக்கு விடை காண்பதில்தான் பாதி நாள் போகும். இந்தக் கடற்கரையில் தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை டென்மார்க் வைத்திருந்தது. நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1781-இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. ஒவ்வொரு கொடிக்கும் அதனதன் கோயில், அதனதன் மொழி, அதனதன் பதிவேடு.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. போர்ச்சுகல் மன்னரின் பொறுப்பில் மயிலாப்பூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்குகள் ஒருபுறம், ரோமையின் நேரடிப் பொறுப்பில் புதுச்சேரியையும் மதுரை மிஷனையும் சார்ந்த பங்குகள் மறுபுறம் என்று இரண்டு அதிகாரங்கள் ஒரே வட்டாரத்தில் நடந்தன. கும்பகோணம் மறைமாவட்டம் உருவானது 1899-இல். மயிலாப்பூரின் கீழ் இருந்த பகுதிகளைப் பிரித்துத் தஞ்சாவூர் மறைமாவட்டம் ஏற்பட்டது 1952-இல். வேளாங்கண்ணி தஞ்சாவூரைச் சேர்ந்தது, பூண்டி மாதா கோயில் கும்பகோணத்தைச் சேர்ந்தது. ஆகவே கொள்ளுத்தாத்தாவின் பெயர் பக்கத்துத் தெருக் கோயிலில் இல்லையென்றால் பதிவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டு மைல் தள்ளி வேறு ஆயரின் கீழ் இருந்த கோயிலில் இருக்கலாம். இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் அன்று கிளைப்பங்காக இருந்திருந்தால், பதிவு தாய்ப்பங்கின் ஏட்டில்தான் கிடக்கும். எனவே, கோயில் எப்போது தனிப் பங்கானது என்பதைப் பங்குத்தந்தையிடமோ உபதேசியாரிடமோ முதலிலேயே கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் குறையும்.

லுத்தரன் குடும்பங்கள் தரங்கம்பாடி வழியில் வந்த சபைகளைக் கேட்க வேண்டும். 1919-இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் திருச்சியில் இருக்கிறது. தஞ்சாவூர் மிஷனின் சுவார்ட்ஸ் வழிச் சபைகள் 1820-களில் ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்கு மாறின. அவர்களுடைய வாரிசுகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி-தஞ்சை திருமண்டலத்தில் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை மூன்று சபைகளின் ஏடுகளில் இருப்பது இங்கே அதிசயமில்லை.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்! மூத்த பிள்ளையைத் தந்தையின் ஊரில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காமல், தாயின் ஊர்க் கோயிலில் ஐந்து நிமிடத்தில் கிடைப்பதுண்டு. திருவையாற்றுப் பக்கத்து மாப்பிள்ளை, மன்னார்குடிப் பக்கத்துப் பெண் என்றால், மூத்தவருக்கு மன்னார்குடிப் பக்கம் போக வேண்டும். தாயின் ஊர் தெரியாவிட்டால் பெற்றோரின் திருமணப் பதிவை முதலில் எடுக்க வேண்டும். பெண்ணின் பங்கு அதில் எழுதியிருக்கும்.

ஏட்டைப் படிக்கும் முறை

பழைய கத்தோலிக்க ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். சவரிமுத்துவைத் தேடிப் போனவர் சவரிமுத்துவைக் காண மாட்டார். குருவானவர் சேவியரின் லத்தீன் வடிவத்தை எழுதியிருப்பார். இராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான், யாகப்பனும் சந்தியாகுவும் யாக்கோபு, சூசை என்றால் யோசேப்பு, இன்னாசி என்றால் இக்னேஷியஸ், ஞானப்பிரகாசம் என்றால் அலோசியஸ், தேவசகாயம் என்றால் லாசரஸ். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனால் ஒரு பக்கத்தைப் பார்க்கும் நேரத்தில் பத்துப் பக்கம் பார்க்கலாம்.

மாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. எழுத்தைச் சுருக்குவதற்காக 7 என்ற எண்ணைப் போட்டு அதன் பின்னால் ‘பிரிஸ்’ என்று லத்தீனில் முடித்திருப்பார்கள். அது ஏழாம் மாதமாகிய ஜூலை என்று நினைத்தால் தவறு. லத்தீனில் ‘செப்டெம்’ என்றால் ஏழு, ஆகவே அது செப்டம்பர். அதே கணக்கில் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இந்த ஒரு சுருக்கெழுத்தைத் தவறாகப் படித்தால் பிறந்த தேதி இரண்டு மாதம் முன்னால் போய்விடும்.

அடுத்து, ஞானஸ்நானம் பெற்ற நாளும் பிறந்த நாளும் வேறு. குழந்தை ஞானஸ்நானத்தில் இடைவெளி சில நாளோ சில வாரமோ இருக்கும். நல்ல ஏட்டில் இரண்டு தேதியும் இருக்கும். ஒரு தேதிதான் இருக்கிறது என்றால் அது ஞானஸ்நானத் தேதி என்றே கொள்ள வேண்டும். பெரியவராகி மதம் மாறியவர்களுக்கு நிலைமை வேறு. முதல் தமிழ் லுத்தரன் குருவான ஆரோன் கடலூர்க்காரர், இயற்பெயர் ஆறுமுகம். 1718-இல் சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்றார், 1733 டிசம்பர் 28-இல் குருப்பட்டம் பெற்றார். அவர் சபையில் நுழைந்தது வளர்ந்த பிறகு. இப்படிப்பட்டவருக்கு ஏட்டில் இருப்பது அவரே சொன்ன அல்லது குருவானவர் மதித்த வயது. அதிலிருந்து கிடைப்பது ‘சுமார்’ என்ற சொல்லோடு கூடிய ஆண்டுதான், அதற்கு மேல் போக வேண்டாம். பெயர் மாறியிருப்பதால், பழைய பெயர் ஏட்டின் ஓரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஓரக்குறிப்பு என்றதும் ஒரு செய்தி. 1908-இல் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. திருமணம் எங்கே நடந்தாலும் அதை மணமக்களின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் மணம் முடித்தவரின் ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்தில் பினாங்குக் கோயிலின் பெயர் இருக்கக்கூடும். அந்த ஓரக்குறிப்பு இருந்தால், ஏட்டில் காணும் குழந்தை வளர்ந்து ஆளாகி மணம் செய்துகொண்டது என்று உறுதியாகிறது. ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் வரும்போது இதன் அருமை தெரியும். முதல் குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைத்த குடும்பங்கள் ஏராளம். எனவே ஞானஸ்நான ஏட்டில் பெயர் கிடைத்ததும் மகிழ்ந்து கிளம்பிவிடாமல், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளின் நல்லடக்க ஏட்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

மூல ஏடு கரையான் அரித்தோ, வெள்ளத்தில் நனைந்தோ போயிருந்தால் நகலைத் தேடலாம். 1917-இன் திருச்சபைச் சட்டப்படி பங்கு ஏடுகளின் நகல் ஆண்டுதோறும் ஆயரகத்துக்குப் போக வேண்டும். ஆங்கிலிக்கன் ஏடுகளின் நகல்கள் சென்னை வழியாக லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் ‘என் 2’ என்ற வரிசை சென்னை மாகாணத்துக்கு உரியது. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அதில் அதிகம், தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு. தரங்கம்பாடி மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியில் ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவனத்தில் உள்ளன. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையின் ஆவணக்காப்பகம் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கிறது.

ஒரே நாளுக்கு இரண்டு தேதி

பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். டேனியர் 1700-லேயே புதியதற்கு மாறிவிட்டார்கள். போர்ச்சுக்கீசியரும் ஆலந்துக்காரர்களும் அதற்கும் நூறாண்டுக்கு மேல் முந்தி மாறியவர்கள். இதோடு, ஆங்கிலேயருக்கு அப்போது சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். இதன் விளைவைப் பாருங்கள். கடலூர் ஆங்கிலேயக் கோட்டையில் 1730 பிப்ரவரி 10 என்று எழுதிய அதே நாளில், தரங்கம்பாடியில் 1731 பிப்ரவரி 21 என்று எழுதினார்கள். ஆண்டும் வேறு, நாளும் வேறு, சூரியன் ஒன்றுதான்.

இந்தச் சண்டையைத் தமிழ் வருஷம் தீர்த்துவைக்கும். அந்த நாள் சாதாரண வருஷம் மாசி மாதம். சாதாரண வருஷம் 1730 ஏப்ரலிலிருந்து 1731 ஏப்ரல் வரை ஓடியது. குடும்ப ஓலையில் ‘சாதாரண, மாசி’ என்ற இரண்டு சொல் இருந்தாலே, கடலூர் ஏட்டின் 1730-ஐ நம் கணக்கில் 1731 என்று திருத்த வேண்டும் என்பது விளங்கிவிடும். ஐரோப்பியரின் ஏடுகளை நம் பஞ்சாங்கம் திருத்துகிற இந்த இடம், டெல்டாவில் குடும்ப வரலாறு தேடுவோருக்கு வாய்த்த பெரும் வசதி.

உயில் ஏன் வேண்டும்?

உயிலில் யாரும் பிறந்த தேதியை எழுதுவதில்லை. ‘எனக்கு வயது சுமார் 60’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் பிள்ளைகளை வரிசையாகப் பெயர் சொல்லி, மூத்தவர் யார், மேஜர் யார், மைனர் யார், மைனருக்குக் கார்டியன் யார் என்று பிசகில்லாமல் எழுதுவார்கள். நிலம் போகும் விஷயமல்லவா! பொய் சொன்னால் தாயாதி மறுநாளே மேல்முறையீடு வரை போவான். எனவே உயில் பிறந்த நாளைச் சொல்லாவிட்டாலும், அந்த நாள் எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்ற இரண்டு எல்லைக் கற்களை நட்டுக் கொடுக்கும்.

பழைய உயில் ‘மரண சாசனம்’ என்ற தலைப்பிலும் இருக்கும். சென்னை நகரத்துக்கு வெளியே சொத்துள்ள இந்துக்களின் உயிலுக்கு நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கும் கட்டாயம் இருந்ததில்லை. அத்தகைய உயிலை, வழக்கு நடந்திருந்தால் ஒழிய, கோர்ட்டில் தேடி அலைவது வீண். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி உயில்கள் பதிவாவது மூன்றாம் புத்தகத்தில். விற்பனைப் பத்திரங்கள் உள்ள முதல் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மூன்றாம் புத்தகம் அப்படியல்ல. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய ஏஜெண்டுக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். அவர் இறந்த பிறகு மனுச் செய்யும் எவருக்கும் நகல் தரலாம் என்று 57-ஆவது பிரிவு சொல்கிறது. மனுவோடு இறப்புச் சான்றோ, கல்லறைக் கல்லின் புகைப்படமோ இணைத்தால் கேள்வி குறையும். பதிவு செய்யாத உயில்களும் உண்டு. அவற்றைப் பற்றிய பேச்சு பிற்காலப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் பத்தியில் வரும், அதையும் பார்க்க வேண்டும்.

மைனர் என்ற சொல்லை எங்கே படித்தாலும் நின்று யோசிக்க வேண்டும். 1875-இன் வயதுவருதல் சட்டத்தின்படி 18 நிரம்பினால் மேஜர். ஆனால் நீதிமன்றம் கார்டியன் நியமித்த பிள்ளைக்கு 21 நிரம்ப வேண்டும் என்று அதே சட்டம் வைத்திருந்தது. 1872-இன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்திலோ 21 நிரம்பாத, துணையை இழக்காத எவரும் மைனர்தான். ஆகவே உயிலில் உள்ள மைனரும் திருமண ஏட்டில் உள்ள மைனரும் ஒரே வயதுக்காரர் அல்லர். இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் மூன்றாண்டு பிசகும்.

பத்திரத்தில் வருவாய்த்துறையின் பசலி ஆண்டு மட்டும் இருந்தால் 590-ஐக் கூட்ட வேண்டும். பசலி 1301 என்பது 1891 ஜூலையிலிருந்து 1892 ஜூன் வரை. பட்டாவிலும் அடங்கலிலும் இந்த ஆண்டே வரும்.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வருவது பயிற்சிக்காக அமைத்த குடும்பம்தான், ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு முடிச்சும் டெல்டாவின் ஏடுகளில் உண்மையாகவே விழுவது.

சவரிமுத்து 1871-இல் பிறந்தார் என்பது வீட்டுச் சொல். கல்லறையில் ‘1932 மார்ச் 10, வயது 61’ என்று இருக்கிறது. ஒத்துப்போவது போலத் தெரிகிறது. பங்கு ஏட்டிலும் 1871 மே மாதம் அதே பெற்றோருக்குச் சவரிமுத்து என்ற மகன் இருக்கிறான். பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் தந்தையின் உயில் 1891 ஆகஸ்ட் 12-இல் எழுதியது. அதில் ‘மைனர் மகன் சவரிமுத்துவுக்கு அவன் தாயாரே கார்டியன்’ என்று இருக்கிறது. தந்தை உயிரோடு இருக்கும்போது எழுதியது, நீதிமன்றம் கார்டியன் நியமிக்கவில்லை, ஆகவே இங்கே எல்லை 18. அப்படியென்றால் சவரிமுத்து பிறந்தது 1873 ஆகஸ்ட் 12-க்குப் பிறகு. தங்கையின் ஞானஸ்நானம் 1876 நவம்பரில். எனவே 1876-இன் தொடக்கத்துக்கு முன். இந்த இரண்டரை ஆண்டுக்குள் மறுபடி ஏட்டைப் புரட்டினால், 1874 ஜனவரி 18-இல் இன்னொரு சவரிமுத்து: பிறந்தது 14-ஆம் தேதி, அதே பெற்றோர். ஜனவரி 18 ஞாயிற்றுக்கிழமை என்பதும் பொருந்துகிறது. நல்லடக்க ஏட்டில் 1872-இல் ஒரு வயதுச் சவரிமுத்து இறந்த பதிவு கிடைக்கிறது. 1871-இல் பிறந்தவன் இறந்துபோன அண்ணன். வீட்டுச் சொல் அந்த அண்ணனின் ஆண்டைத் தம்பிக்குச் சூட்டிவிட்டது, கல்லறை வெட்டியவர் வீட்டில் சொன்னதைக் கேட்டு வயதை எழுதினார். ஆகக் கல்லறையும் வீட்டுச் சொல்லும் இரண்டு சாட்சிகள் இல்லை, ஒரே சாட்சியின் இரண்டு குரல்கள். உயில் இல்லாவிட்டால் இந்தப் பிழை வெளியே வந்தே இருக்காது.

தீர்ப்பெழுதும்போது

ஆவணங்கள் மோதும்போது எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. மூன்று காகிதம் 1871 என்று சொல்கிறதே என்று அதன் பக்கம் சாய்ந்தால் மேலே கண்ட வழக்கில் தோற்றுப்போவோம். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நிகழ்ச்சிக்குப் பக்கத்தில், தேதியைக் கூட்டவோ குறைக்கவோ காரணமில்லாதவர் எழுதியதற்கே முதலிடம். அந்த அளவுகோலில் குழந்தை ஞானஸ்நானப் பதிவு முதலில் வரும், சமகால ஜாதகக் குறிப்பு அதை ஒட்டி வரும். உயில், திருமணப் பதிவு, கல்லறை, பள்ளி என்று வரிசை இறங்கும். வேலைக்காகவோ ஓய்வுக்காகவோ கொடுத்த வயதைக் கடைசியில் வைக்கலாம்.

திருத்திய தேதியை எழுதும்போது பழைய தேதியை அழிக்க வேண்டாம். ‘1871 என்று வழங்கியது, ஞானஸ்நான ஏட்டின்படி 1874 ஜனவரி 14’ என்று இரண்டையும் எழுதி, எந்தக் கோயில், எந்த ஏடு, எந்தப் பக்கம், எந்த எண் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். நாளைக்கு வரும் பேத்தி அந்தப் பக்கத்தைத் தானே போய்ப் பார்க்கட்டும். தெளிவு கிடைக்காதபோது ‘1873 ஆகஸ்டுக்குப் பின், 1876-க்கு முன்’ என்று எழுதுவது பொய்யான ஒரு தேதியைவிட எவ்வளவோ மேல்.

அரசாங்கச் சான்றிதழில் உள்ள தேதியை மாற்ற இது மட்டும் போதாது. அதற்கு 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாளரிடம் தனியாக மனுச் செய்ய வேண்டும்.

கோயில் ஏடுகள் அரசு ஆவணங்கள் இல்லை. காட்டு என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது, பங்குத்தந்தையின் நல்லெண்ணத்தில்தான் திறக்கும். ஞாயிறு பூசை நாளிலும் திருவிழாக் காலத்திலும் போகாமல், முன்கூட்டியே கடிதம் எழுதி, பெயர், பெற்றோர் பெயர், ஐந்தாண்டு முன்பின் எல்லை ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும். அனுமதியில்லாமல் படம் எடுக்க வேண்டாம். காகிதம் பொடிந்துபோன ஏடுகளைக் கோயில்பிள்ளையையே புரட்டச் சொல்வது நல்லது. தேடி முடித்ததும் குடும்பத்தின் தேதிகளைத் தெளிவாகத் தட்டச்சு செய்து, ஒரு பிரதியை அந்தப் பங்கின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து தேடி வருபவருக்கும், ஏடு அழிந்தால் பங்குக்கும் அது உதவும்.